தற்காப்புக்கலை வகுப்பில் நம் பிள்ளைக்கு இடமில்லையா?

ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்துக்கொள்ளும் பத்து வயதுச் சிறுவனைக் கராத்தே வகுப்பில் சேர்க்கலாமா? வலிப்பு நோய்க்கு மாத்திரை உண்ணும் சிறுமி சிலம்பம் கற்கலாமா? கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் குழந்தைகள் நலப் பிரிவில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இவை. கேட்போரைவிட, கேளாமலே 'நம் பிள்ளைக்கு இது ஆகாது' என்று முடிவு செய்துவிடுவோரே மிகுதி. அம்முடிவு பெரும்பாலும் பொருந்தாதது என்பது எங்கள் கருத்து. நீண்ட நாள் நோயோடு வளரும் பிள்ளைக்கே இவ்வகுப்பு பிறரைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

நோய் நீடிக்கும்போது பிள்ளையின் உடல் பிறர் பொறுப்பில் போய்விடுகிறது. ஊசி போடுபவர் ஒருவர், எடை பார்ப்பவர் ஒருவர், 'ஓடாதே' என்பவர் இன்னொருவர். பள்ளியில் விளையாட்டு நேரத்தில் அவன் மரத்தடியில் அமர்ந்து மற்றவர்களின் காலணிகளுக்குக் காவல் இருக்கிறான். வீட்டில் புத்தகப் பையையும் தாயே சுமக்கிறார். இவையனைத்தும் அன்பினால் செய்யப்படுபவையே. ஆயினும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வயது, பிள்ளை தன் தோழர்களோடு தன்னை ஒப்பிட்டு எடைபோடத் தொடங்கும் வயது. 'என்னால் ஆகாது' என்ற எண்ணம் அப்போது மனத்தில் படிந்துவிட்டால், நோய் தணிந்த பிறகும் எளிதில் அகல்வதில்லை. 'நீ கெட்டிக்காரன்' என்று நூறு முறை சொன்னாலும் அகலாது. நேற்று வராத ஓர் அடவு இன்று வந்துவிட்டதைப் பிள்ளை தானே காண வேண்டும்.

சிலம்பம் இதற்கு மிக இசைவான கலை. காலடியில் தொடங்கி, கம்பைப் பிடிக்கவும் சுழற்றவும் பழகுவது அதன் வழி. முதல் சில வாரங்களில் கம்பு கை நழுவி விழுந்துகொண்டே இருக்கும். எல்லோருடைய கம்பும் விழுவதால் எவரும் எவரையும் பார்த்து நகைப்பதில்லை. குனிந்து எடுத்து மீண்டும் சுழற்றுவதே பாடத்தின் பாதி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பதக்கம் பெறும் பிள்ளைகளைக் குறித்து நாங்கள் இங்கே எழுதவில்லை.

கராத்தேயும் சிறுவர்க்கென்று ஒருமுறை மாற்றி வகுக்கப்பட்ட கலைதான். 1901 வாக்கில் ஒகினாவா தீவில் இட்டோசு அங்கோ என்ற ஆசான் அதனைத் தொடக்கப் பள்ளிக்குள் கொண்டுசென்றார். சிறுவர் கற்பதற்காகவே 'பினான்' என்னும் ஐந்து எளிய வரிசைகளை அமைத்தார். அடிப்பதற்காக இருந்த கலை, உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் பாடமாக வகுப்பறைக்குள் புகுந்தது.

மத்திகிரியைப் போன்ற ஊரில் இவ்வகுப்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பெற்றோர். உறவினர் அருகில் இல்லாத வாடகை வீடு. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும். சிகிச்சைக்காக எல்லை தாண்டிப் பெங்களூரு சென்றுவரும் பிள்ளைகள் பள்ளியைத் தவறவிடுகின்றனர்; நட்பும் அறுந்துபோகிறது. கராத்தே வகுப்பில் 'இச்சி, நி, சான்' என்று ஜப்பானிய மொழியில் எண்ணுகிறார்கள். அது அங்கே ஒருவர்க்கும் தாய்மொழி இல்லை. எனவே புதிதாக வரும் பிள்ளை எம்மொழி பேசினாலும் மற்றவர்க்கு ஒப்பாகவே நிற்கிறது.

படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கும் இக்கலையில் இடமுண்டு என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. மிச்சிகன் மாநிலத்தில் 1999ஆம் ஆண்டு 'கிட்ஸ் கிக்கிங் கேன்சர்' என்ற அமைப்பைத் தொடங்கியவர் எலிமெலெக் கோல்ட்பர்க் என்னும் யூத சமயகுரு. தற்காப்புக்கலையில் கறுப்புப் பட்டை பெற்றவர். தம் இரண்டு வயது மகளை 1981இல் இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவ்வமைப்பினர் தற்காப்புக்கலையின் மூச்சுப் பயிற்சியைக் கற்றுத்தருகின்றனர். ஊசி ஏறும் நேரத்தில் மூச்சை ஆழ இழுத்து, மனத்தை ஒருநிலைப்படுத்தி, மெல்ல வெளிவிட வேண்டும். இதற்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை. உதைக்க வேண்டியதும் இல்லை. கற்ற பிள்ளைகள் அதைப் பிறருக்கும், பெரியவர்களுக்குங்கூட, சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களை மிகவும் ஈர்த்தது இந்தப் பகுதிதான். எந்நேரமும் உதவி பெற்றுக்கொண்டே இருந்த பிள்ளை, தான் உதவுபவனாக மாறுகிறது.

தலைமைப் பண்பு என்று வகுப்பு விளம்பரங்களில் அச்சிடுகிறார்களே, அது இதைத் தவிர வேறென்ன? திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்தவன் இளையவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான். நல்ல ஆசான் ஆறு மாதம் பயின்ற பிள்ளையை, நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். ஒருவனுக்குக் காலடி காட்டித்தர வேண்டுமானால் பொறுமை வேண்டும்; குரலை உயர்த்தாமல் திருத்த வேண்டும். மேடையில் ஏறி உரையாற்றுவதைக் காட்டிலும் இது கடினம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். பூப்பெய்தியதும் வகுப்பை நிறுத்திவிடும் வழக்கம் இப்பகுதியில் இன்றும் காணப்படுகிறது. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. கேரளத்தின் வடகரையில் ஏழு வயதில் களரி பயிலத் தொடங்கிய மீனாட்சி அம்மா, அந்த வயதைக் கடந்தும் விடாது பயின்றார். முதுமையிலும் வாளேந்திக் கற்பித்தார். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் மாணவியர்க்குத் தற்காப்புப் பயிற்சி அளிக்கும் திட்டம் உள்ளது. அது மூன்று மாதப் பயிற்சி. தொடக்கத்திற்கு நன்று, ஆனால் மூன்று மாதத்தில் கால் மண்ணில் ஊன்றுவதற்குள் வகுப்பு முடிந்துவிடுகிறது.

எல்லா வகுப்பும் நல்ல வகுப்பு அன்று. ஆண்டு விழாவில் சிறுவர் தலையால் ஓடு உடைப்பதும், படுத்திருக்கும் பிள்ளைமேல் மோட்டார் சைக்கிள் ஏற்றுவதும், 'உலக சாதனை' என்ற பெயரில் வெயிலில் மணிக்கணக்காகக் கம்பு சுற்றவைப்பதும் வீரம் ஆகா. இவ்வயதில் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் குருத்தாகவே இருக்கின்றன; அங்கே படும் அடி எலும்பின் வளர்ச்சியையே கோணச் செய்யலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கை, தலையில் அடிபடும் மோதல்களைத் தவிர்க்க வலியுறுத்துகிறது. தலைக்கவசம் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் ஓரமாக அமர்ந்து பாருங்கள். முதல் வரிசையில் நிற்கும் பிள்ளையை விடுங்கள். கடைசியில் தடுமாறும் பிள்ளையிடம் ஆசான் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். கட்டணத்தையும் பட்டையின் நிறத்தையும் பிறகு விசாரிக்கலாம்.

இனி நோய்களைப் பற்றி. ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். மருத்துவர் சொன்னபடி இன்ஹேலரை முன்னரே பயன்படுத்தி, உடலை மெல்லச் சூடேற்றிய பின் பயிற்சியைத் தொடங்க வேண்டும். இரவில் இருமி விழிக்கும் பிள்ளைக்கு முதலில் மருந்தைச் சீர்செய்ய வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை வகுப்புக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்து, பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்; அன்றிரவும் அளவு இறங்கக்கூடும். வலிப்பு அடங்கியிருக்கும் பிள்ளை வரிசைகளைக் கற்கலாம். தலையில் அடிபடும் மோதல் வேண்டாம். இரத்தம் உறையாத நோய் உள்ளவர்க்கு நேருக்கு நேர் மோதும் பயிற்சி கூடவே கூடாது. டெங்குவிலிருந்து தேறியவரும் மண்ணீரல் வீங்கியவரும் மருத்துவர் அனுமதிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதய நோயில் ஒவ்வொரு பிள்ளைக்கும் விடை வேறு.

எந்த நோயாயினும் ஆசானிடம் மறைக்காதீர்கள். சேர்க்கைப் படிவத்தை அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். மருத்துவர் 'வேண்டாம்' என்று சொன்னால், எந்தப் பயிற்சி வேண்டாம், எத்தனை வாரத்திற்கு வேண்டாம், அதுவரை எதைச் செய்யலாம் என்று கேட்டு அப்படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கும்போது பிள்ளையையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.