கடலோர மாநிலத்தின் வைப்புத்தொகை

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த முதல் ஆவணி மாதத்தில் சாலைக் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய சந்தை அது. இன்றும் அங்கே பல கடைகளில் தமிழ் ஒலிக்கிறது. ஓணம் நெருங்கிய நாள். அத்தப்பூக்களத்துக்கான வாடாமல்லியும் செவ்வந்தியும் தோவாளையிலிருந்து வந்து குவிந்திருந்தன. காய்கறி தென்காசிப் பக்கத்திலிருந்து, முட்டை நாமக்கல்லிலிருந்து, அரிசி ஆந்திரத்திலிருந்து. திருநாளுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலிருந்தே வந்திறங்குகிறது; வாங்குவோர் கையிலோ பணத்துக்குக் குறைவில்லை. வணிகவியல் படித்தவனுக்கு எழக்கூடிய கேள்விதான் எனக்கும் எழுந்தது: விற்பதற்கு இவ்வளவு குறைவாக வைத்திருக்கும் மாநிலம் இவ்வளவு வாங்குவது எப்படி?

விடை எங்கள் கிளையின் வைப்புக் கணக்குகளில் இருந்தது. 1998 முதல் சில ஆண்டுகளுக்கொருமுறை நடைபெறும் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, 2023ஆம் ஆண்டில் அயல்நாடுகளில் வாழும் கேரளத்தவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர் என்றும், அவர்கள் அனுப்பிய பணம் ஏறத்தாழ 2.16 லட்சம் கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. ஓணச் சந்தையின் முதலீட்டாளர் துபாயிலும் தோஹாவிலும் இருக்கிறார்.

அவர்கள் ஏன் சென்றார்கள் என்பதை நிலப்படமே சொல்லும். கிழக்கே மேற்குத்தொடர்ச்சி மலை, மேற்கே 590 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய ஒரு பட்டை. 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடிக் குறுகிய தொலைவிலேயே கடலில் கலந்துவிடுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு 555 பேர், இங்கே 860. ஊர் முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைப் பேருந்தில் அமர்ந்து கண்டுபிடிக்க இயலாது. பள்ளிக்கூடம் எல்லார்க்கும் கிடைத்தது. ஆலைக்கு வேண்டிய அகன்ற நிலம் எவர்க்கும் கிடைக்கவில்லை. வர்க்கலையின் செம்பாறைச் சரிவையும் கோவளத்தின் வளைந்த கரையையும் காண உலகமே வருகிறது. அந்த அழகும் இந்த நெருக்கடியும் ஒரே நிலஅமைப்பு ஈன்றவை என்பதை விடுமுறைக்கு வருவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வந்த பணம் என்ன ஆயிற்று என்பதே என் கவலை. வங்கித் துறையில் கடன்-வைப்பு விகிதம் என்றோர் அளவுகோல் உண்டு: மக்கள் நூறு ரூபாய் வைப்பாகத் தந்தால், அப்பகுதியில் எத்தனை ரூபாய் கடனாகத் திரும்புகிறது என்பதைக் காட்டுவது. தமிழ்நாட்டில் அது நூற்றுக்கும் மேல். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் இடையிலேயே நிற்கிறது. மணலில் உழைத்துச் சேர்த்த பணத்தின் ஒரு பங்கு வேறு மாநிலங்களின் தறிகளையும் வார்ப்படச் சாலைகளையும் இயக்குகிறது என்று பொருள். இங்கேயே தங்கும் கடனிலும் நகைக்கடனுக்கும் வீட்டுக்கடனுக்கும் பெரிய இடம்.

இதற்கு மக்களின் மனப்போக்கைக் குறை கூறுவது எங்களுக்கு எளிது. நான் குறை கூறமாட்டேன், காரணம் சொல்கிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு கிளைக்கு, இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடாவில் குளிரூட்டி பழுதுபார்த்தவர் ஒருவர் வந்தார். மீன் வணிகர்களின் குளிர்பதன அறைகளை அமைத்துப் பராமரிக்கும் பட்டறை தொடங்க வேண்டும், பதினைந்து லட்சம் கடன் வேண்டும் என்றார். கைத்தொழில் அவருக்கு அத்துப்படி. நாங்கள் வீட்டுப் பத்திரம் கேட்டோம். வீடு சகோதரர்களுடன் கூட்டுப் பெயரில் இருந்தது. கடைசியில் அவருடைய நிரந்தர வைப்பையே ஈடாகக் கொண்டு, வைப்பு வட்டிக்கு மேல் கூடுதல் வட்டியில் ஒரு சிறு தொகை கொடுத்தோம். “என் பணம்தானே சாரே, அதற்கு நானே வட்டி கட்டுவதா?” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். சிறுதொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியம் 2000ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதன் காப்பில் பிணையின்றியே அவருக்குக் கடன் தந்திருக்கலாம். அந்தக் கோப்பைத் தயாரிக்கும் உழைப்பை நாங்கள் மேற்கொள்ளவில்லை என்பதே உண்மை. அந்த ‘நாங்கள்’ என்பதில் நானும் உண்டு.

குறுகிய நிலத்தில் தொழிலே வளராது என்பாருக்கு இந்நகரமே மறுமொழி. புவியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து 1963இல் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தோன்றியது. இப்போது விழிஞ்ஞம்: இயற்கையிலேயே ஆழம் மிகுந்த அத்துறைமுகத்துக்கு 2024 ஜூலையில் முதல் பெருங்கப்பல் வந்தது, 2025 மே மாதம் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இறக்கி ஏற்றப்பட்டுவந்த நம் சரக்குகளை இங்கேயே கையாளலாம் என்பது நம்பிக்கை. ஆயினும் ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்கு மாறும் பெட்டி கரையில் தானாக எதையும் விட்டுச்செல்லாது. பழுதுபார்க்கும் பட்டறை, கிடங்கு, குளிர்பதனம், உணவு வழங்கல் ஆகியவை அருகில் முளைத்தால்தான் ஊருக்குப் பயன். சற்று வடக்கே சங்குமுகத்தில் கடல் கரையை அரித்து, சாலையையே பெயர்த்ததையும் கண்டிருக்கிறோம். வீடிழந்த மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அப்பட்டறைகளில் வேலை கிடைக்குமா என்பது என்னைப் பொறுத்தவரை கப்பல்களின் எண்ணிக்கையைவிடப் பெரிய கேள்வி.

காலமும் குறைவு. அதே ஆய்வின்படி, அயல்நாடு சென்ற மாணவர் தொகை 2018இல் சுமார் 1.3 லட்சமாக இருந்து ஐந்தே ஆண்டுகளில் 2.5 லட்சமாகியிருக்கிறது. தந்தை பணம் அனுப்பினார். மகன் கல்விக்கடனோடு பணத்தைக் கொண்டுசெல்கிறான். அவன் அங்கேயே குடியேறிவிட்டால் பணவிடை வராது.

ஆகவே தாயகம் திரும்பிய வாடிக்கையாளர்கள், குறிப்பாகக் கைத்தொழில் அறிந்தவர்கள், வைப்பைப் புதுப்பிக்க வரும் நாளில் ஐந்து நிமிடம் கூடுதலாக அமர்ந்து பேசவேண்டும் என்பது என் விருப்பம். குறைந்தது இரண்டு ஆண்டுகள் அயல்நாட்டில் பணியாற்றித் திரும்பிய கேரளத்தவர்க்கு, நோர்க்கா ரூட்ஸ் வழியாக 30 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 15 சதவீத மூலதன மானியம், மூன்று லட்சம் ரூபாய் உச்சவரம்போடு கிடைக்கிறது. வட்டி மானியமும் உண்டு. கடவுச்சீட்டும் ஒரு பக்கத் திட்டக் குறிப்பும் கொண்டுவந்தால் பேச்சைத் தொடங்கலாம். கிளை அதிகாரி முதலில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டால், உத்தரவாத நிதியத்தைப் பற்றி நீங்களே கேளுங்கள்.