பிளாக்செயினுக்கு பேட்டன்ட் பூட்டு எதற்கு?

ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் சேந்திக் குடித்த ஒருவர், தாகம் தீர்ந்ததும் "இனி 20 வருஷத்துக்கு என்னைக் கேட்காமல் யாரும் இதில் வாளி இறக்கக் கூடாது" என்று சொன்னால் ஊர் என்ன செய்யும்? முதலில் சிரிக்கும். அப்புறம் விரட்டும். அதையே ஒரு நிறுவனம் நல்ல வக்கீலை வைத்து, யாருக்கும் புரியாத ஆங்கிலத்தில் எழுதி, காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்தால் 'புதுமை' என்று பாராட்டு கிடைக்கிறது! பிளாக்செயின் விஷயத்தில் நடப்பது இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு சங்கதிகளுக்கு எழுதிவிடுகிறார்கள். ஒன்று காப்பிரைட். நீங்கள் எழுதிய கதையை, வரைந்த படத்தை, அடித்த நிரலை அடுத்தவர் அப்படியே நகலெடுக்காமல் காப்பது. எழுதிய உடனே தானாக வந்துவிடும், பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. இன்னொன்று பேட்டன்ட். இது எழுதிய வரிகளைக் காப்பதில்லை, வழிமுறையையே பூட்டுகிறது. ஒரு வரிகூடக் காப்பியடிக்காமல், ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து, சொந்த மூளையால் அதே வழியை நீங்கள் கண்டுபிடித்திருந்தாலும் சரி, பேட்டன்ட் வாங்கியவர் உங்களைத் தடுக்கலாம். இந்தியாவில் அதன் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

நிரலுக்குக் காப்பிரைட் தாராளமாக இருக்கட்டும். யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் பிளாக்செயினின் கணக்குகளுக்கும் வழிமுறைகளுக்கும் பேட்டன்ட் கூடவே கூடாது. ஏன் என்று பாருங்கள்.

பிட்காயின் குடித்தது எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் (அல்லது சிலர்) 9 பக்கக் கட்டுரை ஒன்றை இணையத்தில் வெளியிட்டார். 2009 ஜனவரியில் மென்பொருள் வந்தது. எம்.ஐ.டி. உரிமம் என்ற தாராளமான உரிமத்தில், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று கொடுத்துவிட்டுப் போனார். பேட்டன்ட் கேட்கவில்லை.

சரி, அந்த 9 பக்கமும் வானத்திலிருந்து குதித்ததா? இல்லவே இல்லை. பரிவர்த்தனைகளைக் கிளை கிளையாகச் சுருக்கி வைக்கும் 'மெர்க்கிள் மரம்' ரால்ஃப் மெர்க்கிளுடையது. அதற்கு 1982-ல் அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது, பிட்காயின் வருவதற்கு வெகு முன்பே காலாவதியாகிவிட்டது. ஆவணங்களுக்கு நேர முத்திரை குத்தி ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோர்க்கும் யோசனை ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா இருவரும் 1991-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. கணினியை வேலை வாங்கி அதையே சான்றாகக் காட்டும் முறை, ஆடம் பேக் 1997-ல் குப்பை மின்னஞ்சலைத் தடுக்க உருவாக்கிய ஹேஷ்கேஷில் இருந்தது. சதோஷியின் சாமர்த்தியம் இவற்றைச் சேர்த்துக் கட்டியதில் இருக்கிறது. சேர்த்துக் கட்ட முடிந்ததற்குக் காரணம், அந்தத் துண்டுகள் பூட்டப்படாமல் கையில் கிடைத்ததுதான்.

பூட்டப்பட்ட துண்டுகளின் கதையையும் கேளுங்கள். டிஜிட்டல் பணத்தின் முன்னோடி டேவிட் சாம். யார் யாருக்குப் பணம் கொடுத்தார் என்று வங்கிக்கே தெரியாமல் செய்யும் 'குருட்டுக் கையெழுத்து' முறைக்கு அவருக்கு 1988-ல் பேட்டன்ட் கிடைத்தது. அவருடைய டிஜிகேஷ் நிறுவனம் 1998-ல் திவாலானது. திவாலுக்கு பேட்டன்ட்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கடை மூடிய பிறகும் பூட்டு மட்டும் 2005 வரை தொங்கிக்கொண்டிருந்தது! கடைக்காரரும் விற்கவில்லை, அடுத்தவரும் சும்மா எடுத்து விற்க முடியாது.

இன்னொன்று ஷ்னார் கையெழுத்து. கணக்கு எளிமையானது, பல கையெழுத்துகளை ஒன்றாகச் சுருக்கலாம். அதற்கும் 1991-ல் அமெரிக்க பேட்டன்ட். பூட்டுத் தொங்கியதால் தரநிலைகள் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போயின. பிட்காயினும் அந்த வேறு வழியில்தான் பிறந்தது. பேட்டன்ட் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில் வந்த 'டேப்ரூட்' மாற்றத்தில்தான் ஷ்னார் கையெழுத்து பிட்காயினுக்குள் நுழைந்தது. நல்ல கருவி கண்முன்னே கிடந்தும் ஒரு தலைமுறை அதைத் தொடவில்லை. இதற்குப் பெயர் புதுமையை ஊக்குவிப்பதா?

பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் வழக்கு

பரவலாக்கப்பட்ட நாணயச் சந்தைகள் எப்படி விலை வைக்கின்றன தெரியுமா? ஒரு தொட்டியில் இரண்டு வகை நாணயங்கள். இரண்டின் எண்ணிக்கையையும் பெருக்கினால் வரும் விடை மாறக் கூடாது. அவ்வளவுதான் விதி. 100-ம் 100-ம் இருந்தால் பெருக்குத்தொகை 10,000. ஒருவர் முதல் வகையில் 20 எடுத்தால் மீதி 80. அப்படியானால் இரண்டாவது வகை 125 ஆக வேண்டும். ஆகவே அவர் 25 போட வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான்.

இந்த முறையைப் பயன்படுத்தும் யூனிஸ்வாப் மீது, பேன்கர் என்ற போட்டித் தரப்பினர் 2025 மே மாதம் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பேட்டன்ட் வழக்குத் தொடர்ந்தார்கள். "பேட்டன்ட் சூத்திரத்துக்கு இல்லை, அதை ஸ்மார்ட் கான்ட்ராக்டில் இயக்கும் முறைக்கு" என்று அவர்கள் தரப்பில் விளக்கம் வரும். ஐயா, வாய்ப்பாட்டைச் சிலேட்டில் எழுதினால் கணக்கு, கணினியில் எழுதினால் கண்டுபிடிப்பா?

இந்தக் கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2014-ல் ஆலிஸ் எதிர் சி.எல்.எஸ். வங்கி வழக்கில் பதில் சொல்லியிருக்கிறது. இரு தரப்புக்கு நடுவில் ஒரு மூன்றாம் ஆள் இருந்து பணம் கைமாறும் ஆபத்தைக் குறைப்பதை, கணினியில் செய்வதாகச் சொல்லி பேட்டன்ட் வாங்கியிருந்தார்கள். ஒரு பழைய அருவக் கருத்தை சாதாரணக் கணினியில் ஏற்றினால் மட்டும் அது பேட்டன்டுக்குத் தகுதி பெறாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் விண்ணப்பங்கள் நின்றபாடில்லை. 'கணினி' என்ற இடத்தில் 'பிளாக்செயின்' என்று போட்டுவிட்டால் புதுச் சரக்கு!

காகிதம் கையில் இருந்தால் போதும்

"பேட்டன்ட், காப்பிரைட் எல்லாம் உண்மையான படைப்பாளியைக் காப்பதற்குத்தானே?" என்று கேட்கலாம். கிரெய்க் ரைட் கதையைப் பாருங்கள். தான்தான் சதோஷி என்று 2016-ல் பகிரங்கமாகச் சொன்ன ஆஸ்திரேலியர். 2019-ல் பிட்காயின் கட்டுரைக்கு அமெரிக்காவில் தன் பெயரில் காப்பிரைட் பதிவு செய்துகொண்டார். விண்ணப்பத்தில் சொல்வது உண்மையா என்று அந்த அலுவலகம் விசாரிப்பதில்லை. 2021-ல் லண்டனில் அவர் தொடுத்த வழக்கில், எதிர்த்தரப்பு தன் அடையாளத்தை வெளியிட விரும்பாமல் ஆஜராகாததால் தீர்ப்பு அவர் பக்கம் போனது. இலவசமாக உலகுக்குக் கொடுக்கப்பட்ட கட்டுரையை ஒரு வலைத்தளம் பிரிட்டன் வாசகர்களுக்குக் காட்ட முடியாமல் போனது.

அப்புறம் கிரிப்டோ திறந்த பேட்டன்ட் கூட்டமைப்பு வழக்குப் போட்டு, 2024 மார்ச் 14 அன்று நீதிபதி மெல்லர் "இவர் சதோஷி இல்லை, அந்தக் கட்டுரையை எழுதியவரும் இல்லை" என்று அறிவித்தார். பெரிய அளவில் போலி ஆவணங்கள் தயாரிக்கப்பட்டதாக மே மாதம் வந்த விரிவான தீர்ப்பு சொன்னது. அதோடும் அடங்காமல் அவர் மறுபடி வழக்குப் போட, 2024 டிசம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை!

இது காப்பிரைட் சண்டைதான். ஆனால் பாடம் பேட்டன்டுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். பொய்யைப் பதிவு செய்ய ஒரு விண்ணப்பம் போதும். அதை உடைக்கப் பணக்கார நிறுவனங்கள் கூடி, மூன்று வருஷம் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. தனியாக உட்கார்ந்து நிரல் எழுதும் ஒரு பையனோ பெண்ணோ எந்தக் காசை வைத்துக்கொண்டு லண்டன் வக்கீலைப் பிடிப்பது?

இந்தியாவின் வேலியும் அதில் விழும் ஓட்டைகளும்

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 3(கே) என்று ஒரு அருமையான பிரிவு இருக்கிறது. கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் ஆகிய எதுவும் 'கண்டுபிடிப்பு' ஆகாது. பிளாக்செயினைப் பிரித்துப் போட்டால் என்ன இருக்கும்? இந்த நான்கும்தான்!

இந்த வேலியைப் பிடுங்க முயற்சி நடக்காமல் இல்லை. 2004 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம், தொழில்துறைப் பயன்பாடு அல்லது வன்பொருளோடு சேர்ந்த நிரல் என்றால் பேட்டன்ட் தரலாம் என்று வாசலைத் திறந்தது. 2005-ல் நாடாளுமன்றம் அந்த வரியை ஏற்காமல் நீக்கியது. ஆனால் முன்வாசலில் நுழைய முடியாதது பின்வாசல் வழியாக வருகிறது. 2016 பிப்ரவரியில் காப்புரிமை அலுவலகத்தின் வழிகாட்டுதல், வன்பொருளிலும் புதுமை வேண்டும் என்று கறாராகச் சொன்னது. 2017 ஜூனில் வந்த அடுத்த வழிகாட்டுதலில் அது காணாமல் போனது. 2019 டிசம்பரில் ஃபெரிட் அல்லானி வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் போன்றவற்றின் பெயரையே சொல்லி, நிரலை அடிப்படையாகக் கொண்ட எல்லாவற்றையும் ஒரேயடியாக மறுப்பது பிற்போக்கானது என்றது. தொழில்நுட்ப விளைவு இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் போட்ட நிபந்தனையை வசதியாக மறந்துவிட்டு, முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது சுலபம். எந்த நிரலுக்குத்தான் தொழில்நுட்ப விளைவு என்று ஏதோ ஒன்றை எழுத முடியாது?

"முதலீடு வராதே!"

எதிர்த்தரப்பின் பிரதான வாதம் இது. பேட்டன்ட் இல்லாவிட்டால் எவன் பணம் போடுவான்? பிட்காயினே பதில். 2015-ல் வந்த எத்தீரியம் இன்னொரு பதில். இரண்டும் திறந்த மூல நிரல்கள், இரண்டிலும் உலகமே பணம் போட்டிருக்கிறது.

அடுத்தவன் காப்பியடித்துவிடுவானே என்றால், அதற்கும் காப்பிரைட்டிலேயே வழி இருக்கிறது. 2020-ல் யூனிஸ்வாப்பின் நிரலை எடுத்து சுஷிஸ்வாப் வந்தது. யூனிஸ்வாப் என்ன செய்தது? 2021-ல் வெளியிட்ட மூன்றாம் பதிப்பின் நிரலை இரண்டு வருஷத்துக்கு வணிகரீதியாக எடுத்தாளக் கூடாது என்று உரிமத்தில் எழுதி வைத்தது. 2023 ஏப்ரலில் அது தானாகவே திறந்த உரிமமாக மாறியது. உழைத்தவருக்கு இரண்டு வருஷ முன்னிலை, பிறகு ஊருக்குச் சொந்தம். யோசனையை ஒரு நாள்கூடப் பூட்டவில்லை. அதைவிட 20 வருஷப் பூட்டு எந்த விதத்தில் உசத்தி? 20 வருஷத்துக்கு முன் பிளாக்செயின் என்ற துறையே கிடையாதே!

"எல்லாரும் வாங்குகிறார்கள், தற்காப்புக்காக நாங்களும் வாங்குகிறோம்" என்பது இன்னொரு சமாதானம். எல்லாரும் தற்காப்புக்கே அரிவாள் வாங்குகிறார்கள் என்றால், அரிவாளே விற்காத ஊர்தானே பாதுகாப்பானது?

கடைசியாக மாணவர்களுக்கு

கல்லூரிகளை வரிசைப்படுத்தும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பேட்டன்டுக்கு மதிப்பெண் உண்டு. வழங்கப்பட்டவை மட்டுமில்லை, வெளியிடப்பட்டவையும் கணக்கில் வரும். 'வெளியிடப்பட்டது' என்றால் என்ன என்று பலருக்குத் தெரிவதில்லை. விண்ணப்பித்த 18 மாதத்தில், கட்டணம் கட்டிக் கேட்டால் அதற்கும் முன்பே, விண்ணப்பம் இதழில் வந்துவிடும். அதற்குள் யாரும் அதைப் பரிசோதித்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இறுதியாண்டு ப்ராஜெக்டின் தலைப்பில் 'பிளாக்செயின்' என்று சேர்த்து, விண்ணப்பித்து, இதழில் வந்ததும் போஸ்டர் அடித்து ஒட்டினால், அது கண்டுபிடிப்பு ஆகிவிடாது. கிணற்றுக்கு இன்னொரு பூட்டு கேட்கும் வரிசையில் ஒரு மாணவரின் பெயரும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரிசையில் முன்னால் நிற்கும் பெரிய நிறுவனங்களோடு போட்டி போட்டு அவர் ஜெயிக்கப் போவதும் இல்லை.

அதைவிட அந்த ப்ராஜெக்டின் நிரலை ஒரு நல்ல திறந்த உரிமத்தோடு இணையத்தில் போடுங்கள். பெயர் உங்களுடையதாகவே இருக்கும், காப்பிரைட்டும் உங்களுடையதே. தேதியோடு பொதுவில் கிடக்கும் அந்த நிரல், நாளை வேறொருவர் அதே யோசனைக்கு பேட்டன்ட் கேட்டு வரும்போது "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லும் சாட்சியாகவும் நிற்கும். வழிகாட்டுதல்களை மாற்றும்போது காப்புரிமை அலுவலகம் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அப்போது பெரிய நிறுவனங்களின் வக்கீல்கள் மட்டும் எழுதினால் அவர்கள் கேட்டதுதான் நடக்கும். 3(கே) பிரிவைத் தொடாதே என்று நிரல் எழுதுகிறவர்களும் எழுத வேண்டும்.