ஆணி அடிக்காதே, சரி... சுவர் எங்கேய்யா?

"ஆணி அடிக்கக் கூடாது, ஸ்டிக்கர் ஹூக் ஒட்டிக்கோங்க." சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தவங்க எல்லாரும் கேட்ட வசனம்தான். காலி பண்ணும்போது அதே வாய் "பெயின்ட் உரிஞ்சிருக்கே" என்று அட்வான்ஸில் கை வைக்கும். அநியாயம்!

ஹூக் மேல தப்பில்லைங்க. இழுத்தால் நீண்டு கழல்கிற பட்டை அது. சுவரை ஸ்பிரிட்டால் துடைச்சு, அரை நிமிஷம் அழுத்தி, ஒரு மணி நேரம் கழிச்சு மாட்டணும். எடுக்கும்போது சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெதுவா இழுக்கணும். (நம்மாளு முன்பக்கமா ஒரே பிடுங்கு, அது வேற கதை.)

ஆனா இதெல்லாம் பெயின்ட் சுவரைக் கெட்டியாப் பிடிச்சிருந்தாத்தான். சுண்ணாம்போ மலிவு டிஸ்டெம்பரோ அடிச்ச சுவரை உள்ளங்கையால் தடவிப் பாருங்க, மாவு மாதிரி ஒட்டும். அங்கே பசை பிடிக்கிறது சுவரை இல்லை, அந்த மாவை. ஒண்ணு, ராத்திரியே காலண்டரோட விழும். இல்லைன்னா எடுக்கும்போது பட்டி வரைக்கும் பேர்ந்து கூடவே வரும். பிரைமர் காசை மிச்சம் பிடிச்சது யாரு, தண்டம் அழறது யாரு?

இத்தனைக்கும் 2017-ல் கொண்டுவந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், ஒப்பந்தத்தில் மாத்தி எழுதாதவரை, வெள்ளையடிக்கிறது வீட்டுக்காரர் பொறுப்பு. அதனாலதான் ஒப்பந்தத்தில் மாத்தி எழுதிடறாங்க, ஹி ஹி.

கையெழுத்துப் போடும் முன்னாடி சுவரைத் தடவி, கையில் வந்த வெள்ளையை ஓனர்கிட்டயே காட்டுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.