குடும்ப நாவலைப் பழிப்போர் கவனத்திற்கு

ரமணிசந்திரன் நாவலோடு ஒரு பெண்ணைக் கண்டால் நம் இலக்கிய அன்பர்களின் உதட்டில் ஓர் ஏளனப் புன்னகை அரும்பும். அந்தப் புன்னகையை எதிர்த்தே இதனை எழுதுகிறோம். ‘கனவு வணிகம்’ என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதி நகர்ந்துவிடுவது எளிது. ஒரு நாவலையேனும் இறுதிவரை படித்தவர் எழுதிய தீர்ப்பாக அது நமக்குத் தோன்றவில்லை.

இதே ஏளனத்திற்கு ஆளாகும் ஒரு நாவல் வகை அமெரிக்காவிலும் உண்டு. அங்கே பென்சில்வேனியா, ஒகையோ முதலிய மாநிலங்களில் ஆமிஷ் என்னும் கிறித்தவச் சமூகத்தார் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் வாழ்கின்றனர். கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரை வண்டிதான். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிகிறது. 1972-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதற்கு இடமளித்தது. இவர்களைப் பற்றிய காதல் நாவல்கள் தனியொரு வகையாகவே விற்பனையாகின்றன. 1997-இல் பெவர்லி லூயிஸ் எழுதிய ‘தி ஷன்னிங்’ அந்த அலையைப் பெருக்கியது. தலைப்பைத் தமிழில் ‘ஊர்விலக்கு’ எனலாம். விலக்கப்பட்டவரோடு பெற்ற தாயும் ஒரே மேசையில் உண்ணலாகாது. தன் பிறப்பின் மறைபொருளை அறிந்து, மணவேளையில் பின்வாங்கும் ஒரு பெண்ணுக்கு அந்நாவலில் இக்கதி நேர்கிறது.

முத்தமே அரிதான இந்நாவல்களை எழுதுவோரும் வாங்குவோரும் பெரும்பாலும் ஆமிஷ் அல்லாதவர்கள். காரும் கைபேசியும் உடைய பெண் குதிரை வண்டிக் காதலை ஏன் நாடுகிறாள்? தூய்மைக்காக என்பர். நாம் படித்த அளவில் அது பாதி விடையே. அந்நாவல்களில் வேலி கண்ணுக்குத் தெரிகிறது. எதை மீறினால் எதை இழக்க நேரும் என்பதை வாசகி தொடக்கத்திலேயே அறிந்துவிடுகிறாள். ஆகவே ஒரு பார்வைக்குக்கூட அங்கே விலை இருக்கிறது.

தமிழ் படித்தவர்க்கு இது புதுச் செய்தியா என்ன? அலர், இற்செறிப்பு, உடன்போக்கு, அறத்தொடு நிற்றல் என்று நம் அகத்திணை மரபே காவலின்மேல் எழுந்ததுதானே? அன்னை அயர்ந்து உறங்கிவிட்டால் தோழிக்கு வேலையே இல்லை. வகுப்பறையில் ஒரு பருவம் முழுதும் இதனை இலக்கியத்தின் உச்சம் என்று பாடஞ்சொல்லிவிட்டு, அதே வேட்கையோடு அட்டை கிழிந்த மாத நாவலைப் புரட்டும் மாணவியை எள்ளி நகையாடுவது என்ன நேர்மை? (குறுந்தொகையையும் மாத நாவலையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று யாரும் வரிந்துகட்டிக்கொண்டு வரவேண்டாம். இங்கே பேசுவது வேட்கையை. கவிதையின் தரத்தை அன்று.)

அம்மாணவி யார்? உப்பிலியபுரத்திலிருந்தும் பச்சைமலை அடிவாரத்துச் சிற்றூர்களிலிருந்தும் துறையூருக்கும் திருச்சிக்கும் பேருந்தேறிக் கல்லூரி செல்லும் பெண்களை நாம் அறிவோம். முன்பு புத்தகம் கைமாறியது. இன்று கைபேசியில் பிரதிலிபி. இறுதித் தேர்வு முடியுமுன்னரே பலருக்கு ஜாதகம் வெளியே போய்விடுகிறது. முன்பின் அறியாத ஓர் ஆடவனோடு இனி வாழ்ந்தாக வேண்டும். அவன் பேசுவானா, கேட்பானா, வேலைக்கு அனுப்புவானா? ரமணிசந்திரனின் 100-க்கும் மேற்பட்ட நாவல்களில் நாம் படித்தவை பலவும் இந்த அச்சத்தையே வெவ்வேறு வீடுகளில் வைத்துப் பார்க்கின்றன. கடுகடுப்பான கணவன் மெல்ல மெல்லப் பேச்சுக்கு வருகிறான். ஆமிஷ் நாவலின் வாசகி வேலிக்கு வெளியே நின்று உள்ளே பார்க்கிறாள். நம் மாணவி இருப்பதோ உள்ளே. அவள் தப்பியோடவில்லை, வரப்போகும் வாழ்வுக்கு ஒத்திகை பார்க்கிறாள்.

இவ்வகை எழுத்தின் முன்னோடிகளுள் ஒருவரான லட்சுமி, நம் மாவட்டத்துத் தொட்டியம் பகுதியில் 1921-இல் பிறந்தவர். இயற்பெயர் திரிபுரசுந்தரி. மருத்துவக் கல்லூரிச் செலவுக்காக ஆனந்த விகடனில் கதை எழுதியவர், எழுதியே மருத்துவரானவர். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பெண்கள் விரும்பிப் படித்தார்கள் என்பதே ஓர் எழுத்தாளருக்குக் குற்றப்பத்திரிகை ஆகிவிடும் விந்தையை என்னவென்பது!

இந்நாவல்களிடம் கேட்கவேண்டிய வினா உண்டுதான். நம் அன்பர்கள் அதை மட்டும் கேட்பதில்லை. நாம் படித்தவற்றில் காதலுக்குத் தடையாக வருபவை அத்தை மகளின் சூழ்ச்சி, செல்வச் செருக்கு, எப்போதோ நேர்ந்த ஒரு தவறான புரிதல் ஆகியவையே. சாதி என்ற சொல் கண்ணில் படவில்லை. ஆமிஷ் நாவல் சபையின் சட்டத்தைப் பெயர் சொல்லி எழுதுகிறது. நம் நாவலில் மாப்பிள்ளைக்கு நிறமுண்டு, உயரமுண்டு, தொழிற்சாலையுண்டு, சாதி இல்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளம் தம்பதியர் வெட்டப்பட்டனர், கணவர் இறந்துபோனார். அக்காட்சிப் பதிவை நம் மாணவியரும் கைபேசியில் பார்த்தவர்களே. தம் வேலி எதுவென்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் விரும்பிப் படிக்கும் பக்கங்களில் அதற்குப் பெயரில்லை. ‘கனவு வணிகம்’ என்று பழிப்பவர்கள் இதையல்லவா கேட்டிருக்க வேண்டும்? கேட்பதற்கு முன் நாவலைப் படித்தாக வேண்டும்; அங்கேதான் இடிக்கிறது.