சமாதானம் பேசப் போகாதீங்க... 1098-க்கு போன் பண்ணுங்க!



2025 ஜூலை 8 காலையில் செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி, மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்து ஜனங்கள் ஓடினார்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று கண்ணுக்குத் தெரிந்தால் ஓடுகிற ஊர்தான் நம்ம ஊர்.

ஆனால் வீட்டுக்குள்ளேயும், டியூஷனிலேயும், தெரிந்த மனுஷன் கையாலேயும் ஒரு பிள்ளைக்கு நடக்கிற கொடுமைக்குச் சத்தம் கிடையாது. தெரிய வந்தாலும் முதலில் என்ன செய்கிறோம்? "வெளியே சொன்னா பொண்ணு வாழ்க்கை போயிடும், பெரியவங்களை வச்சு பேசி முடிச்சிடலாம்" என்கிறோம். அந்தப் 'பெரியவங்க' பல இடங்களில் நம்ம கட்சிக்காரங்கதான். அதனால்தான் இந்தப் பதிவை முதலில் நமக்கே எழுதுகிறோம்.

நம் மாவட்டத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். 2014-ல் திட்டக்குடியில் இரண்டு பள்ளிச் சிறுமிகளை ஒரு கும்பல் சீரழித்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. வரை போனது. 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதில் பெண்களும் இருந்தார்கள். இத்தனை பேர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒருத்தர் கண்ணிலும் படாமலா இருந்திருக்கும்? இதை நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"முன்பின் தெரியாதவன்கிட்ட ஜாக்கிரதை" என்று சொல்லி வளர்க்கிறோம். ஆனால் 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு சொன்னது வேறு. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்திருந்தார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் பையன்களும் ஏறக்குறைய அதே அளவு. "ஆம்பளப் புள்ளைக்கு என்ன ஆயிடப் போகுது" என்ற பேச்சை இன்றோடு விடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் அமலில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருக்கிற ஆண், பெண் எல்லாருமே இந்தச் சட்டப்படி குழந்தைதான். "பொண்ணு சம்மதத்தோடதான்" என்ற வாதம் இங்கே எடுபடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வன்கொடுமை செய்தால் குறைந்தபட்சமே 20 ஆண்டு சிறை.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால் அதுவும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை. பள்ளி, விடுதி மாதிரி நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை. 2021-ல் கோவையில் ஒரு தனியார் பள்ளி மாணவி இறந்தபோது, புகாரை மறைத்ததாகத் தலைமையாசிரியரே கைதானார். பஞ்சாயத்து பேசி மூடி மறைத்தவரையும் இதே சட்டம் கேள்வி கேட்கும். நல்லெண்ணத்தோடு புகார் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

எப்படிச் சொல்வது?

▪ 1098: குழந்தைகள் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். பிள்ளையே பேசலாம், பக்கத்து வீட்டுக்காரரும் பேசலாம்.
▪ உடனடி ஆபத்து என்றால் 112. பள்ளியில் பிரச்சினை என்றால் 14417.
▪ எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. வாயால் சொன்னால் போதும், அவர்கள் எழுதிப் படித்துக் காட்ட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.
▪ வாக்குமூலம் வாங்கப் போலீஸ்தான் வீட்டுக்கோ, பிள்ளை விரும்பும் இடத்துக்கோ வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல். அப்பா, அம்மா அல்லது பிள்ளை நம்புகிறவர் கூட இருக்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைக்கவே கூடாது.
▪ பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.
▪ 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போலீஸ் தகவல் தர வேண்டும். தந்தார்களா என்று கேளுங்கள். இடைக்கால நிவாரணமும் உண்டு.

பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் துருவிக் கேட்காதீர்கள். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.

சோஷியல் மீடியா தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நீதி கேட்கிறோம் என்று பிள்ளையின் பெயர், போட்டோ, பள்ளி, தெரு எதையும் போடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட வீடியோவைப் போனில் வைத்திருந்தாலே குற்றம் என்று 2024 செப்டம்பரில், நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஃபார்வர்டு செய்யாதீர்கள், புகார் கொடுங்கள்.

கடைசியாக, கிளைப் பொறுப்பாளர்களுக்கு. நாளைக்கு உங்கள் வீட்டு வாசலில் "அண்ணே, நீங்கதான் பேசி முடிச்சு வைக்கணும்" என்று யாராவது வந்து நிற்கலாம். குற்றம் செய்தவன் உங்கள் சொந்தக்காரனாக இருக்கலாம், நம்ம கட்சிக்காரனாகவே இருக்கலாம். பேசாதீர்கள். பணத்தைத் தொடாதீர்கள். அந்தப் பிள்ளையின் குடும்பத்தோடு ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போங்கள்.

கேட்டில் சத்தம் கேட்டு ஓடினோம். சத்தமே வராத இடத்துக்கும் ஓடுவோம்.

1098. இந்த எண்ணை இப்பவே போனில் பதிந்துவிட்டு, இந்தப் பதிவை உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.