விடுமுறை அண்ணையின் தயவன்று



இந்நாட்டில் நம்மவர் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் ஆண்டுக்கணக்காக உழைப்போரிடம் விடுமுறை பற்றிக் கேட்டால், "அண்ணையிட்டை கேட்டால் தருவார் பாதர், ஆனால் சம்பளம் இல்லை" என்கின்றனர். அதில் இரண்டு பிழைகள் உள. விடுமுறை அண்ணையின் தயவன்று. சம்பளமற்ற விடுமுறை சட்டம் கூறும் விடுமுறையுமன்று.

பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டு வேலைநேர ஒழுங்குவிதிகளின்படி, தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5.6 வாரம் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. கிழமைக்கு 5 நாள் உழைப்பவருக்கு அது 28 நாள். (வங்கி விடுமுறை நாள்களை முதலாளி அதற்குள் அடக்கிக்கொள்ளலாம், இதை அறியாமல் சிலர் வீணே முரண்படுகின்றனர்.) கிழமைக்கு 20 மணிநேரம் உழைக்கும் பகுதிநேரத் தொழிலாளிக்கு, ஆண்டுக்கு 112 மணிநேரச் சம்பளம் விடுமுறைக்காக உரியது. கூலியைக் கையிற் காசாக வாங்குவதாலோ, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததாலோ இவ்வுரிமை அற்றுப்போவதில்லை. சட்டம் உறுதிசெய்த விடுமுறையைப் பணத்துக்கு விற்கவும் இயலாது. வேலையை விட்டு விலகும்போது மட்டுமே மீதிநாள்களுக்குப் பணம் பெறலாம். நேரம் ஒழுங்கற்ற வேலையாயின், விடுமுறைச் சம்பளத்தை 12.07 வீதமாகக் கூலியோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் சம்பளச் சீட்டில் அது தனியே காட்டப்படவேண்டும். ஓய்வுநாளும் உண்மையாகவே கிடைக்கவேண்டும்.

'வேலைநேரம்' என்பதற்கும் வரையறை உண்டு: தொழிலாளி வேலை செய்துகொண்டு, முதலாளியின் ஏவலுக்குட்பட்டு, தன் கடமையில் இருக்கும் நேரம். 6 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்பவருக்கு 20 நிமிட இடைவேளை உரியது. இரவு முழுவதும் தனியே காசுமேசையில் இருப்பவர், வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்தால், அது இடைவேளையா? விமானங்களுக்கு உணவு ஏற்றும் தொழிலாளர் தொடுத்த வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது: ஏவலுக்குக் காத்திருக்கும் வெறும்பொழுது ஓய்வாகாது.

இனி, நம் முதலாளிமாருக்கு. "நாங்கள் வந்த காலத்தில் இரண்டு வேலை செய்தோம், லீவு எடுத்தோமா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் பாடு பொய்யன்று. இன்றும் கடை வாடகையும் மின்கட்டணமும் உங்களை நெரிப்பதையும், உங்களுக்கென ஒரு விடுமுறைச் சட்டம் இல்லாததையும் அறிவேன். ஆயினும் திருநூல் அந்த வாதத்தை நேர் எதிராகத் திருப்புகிறது. விடுதலைப்பயண நூல், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்ததை ஓய்வுநாளுக்குக் காரணமாக்குகிறது. இணைச்சட்ட நூலின் ஐந்தாம் அதிகாரமோ வேறு காரணம் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், ஆகவே உன் வேலையாளும் உன்னிடத்துள்ள அந்நியனும் ஓய்வு பெறட்டும். பட்ட துன்பம் ஆங்கே பிறரையும் வருத்துவதற்கான உரிமையாகவில்லை. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலும், ஓய்வைக் கைவிடுமாறு தொழிலாளியிடம் கேட்கவோ, அவனே அதனைக் கைவிடவோ கூடாது என்கிறது. ஆகவே "அவரே வேண்டாம் என்றார்" என்பதும் மறுமொழியாகாது.

இந்த 12.07 வீதத்தை வாடகையைப்போல் முதலிலேயே கணக்கிற் சேருங்கள். கோவில் கொடியேற்றத்துக்கு நீங்கள் தரும் நன்கொடை அதற்கு ஈடாகாது.

தொழிலாளரே, விடுமுறை எடுக்க வாய்ப்பளிக்காமல் முதலாளி ஆண்டை முடித்துவிட்டால், அதில் 4 வாரம் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். 'ஏகாஸ்' அமைப்பின் தொலைபேசி ஆலோசனை இலவசம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சம்பளச் சீட்டுகளோடு வாருங்கள்; சேர்ந்து அழைப்போம்.