தேமல் தீட்டு அல்ல

வன்னியிலும் மூதூரிலும் படுவான்கரையிலும் வயலை விட்டு வந்த குடும்பங்கள் பல, கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒற்றை அறைகளுக்குள் ஆண்டுக்கணக்காகக் காலம் தள்ளியுள்ளன. தகரக் கூரையின் வெக்கை, காற்று வராத யன்னல், நான்கு பேருக்கு ஒரு துவாய். இத்தகைய வாழ்க்கையில் கழுத்திலும் முதுகிலும் தேமல் படர்வது வியப்பல்ல. ஆனால் அதைக் கண்டதும் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லாமலே திரும்பிப் போகிறார்கள். “குட்டமோ?” என்ற முணுமுணுப்பு எழுகின்றது. நோயை விட இந்த முணுமுணுப்பே எம் மக்களை அதிகம் வாட்டுகின்றது.

தேமலுக்குக் காரணம் மலசேசியா என்னும் மதுவம். பாணையும் அப்பத்தையும் புளிக்கவைக்கும் மதுவத்துக்கு இது தூரத்து உறவு. எமது தோலிலுள்ள எண்ணெய்ப் பசையே இதன் உணவு. ஆகவேதான் தலை, நெஞ்சு, முதுகு ஆகிய இடங்களில் அதிகம் வாழ்கின்றது. தலைப் பொடுகிலும் இதற்குப் பங்குண்டு. இதன் ஆய்வில் எமது கொழும்புக்கும் ஓர் இடம் உண்டு. 1903 இல் இங்கு பக்ரீரியா ஆய்வு நிலையத்துக்கு வந்த இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்ரெலானி, 1905 இல் பறங்கி நோயின் கிருமியைக் கண்டறிந்தார். இலங்கை மக்களின் மஞ்சள் தேமலையும் ஆராய்ந்து, அதனை வெப்ப நாட்டுக்கே உரிய தனிப் பங்கசு என்று கருதிப் பெயரிட்டார். அது உலகெங்கும் காணப்படும் அதே தேமல்தான் என்பது பின்னர் தெளிவாயிற்று.

கமக்காரருக்கு இதனை விளக்குவது எளிது. புல் விதை எல்லா வயலிலும் கிடக்கின்றது. தண்ணீரும் இடமும் வாய்த்தால் களையாக எழும்புகின்றது. அதுபோல இந்த மதுவம் பணக்காரர், ஏழை எல்லோரின் தோலிலும் உண்டு. வெப்பமும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் கூடினால் பெருகி, தோலின் நிறத்தை மாற்றுகின்றது. எனவே தேமல் வந்தவர் அழுக்கானவரும் அல்லர், பிறருக்கு ஆபத்தானவரும் அல்லர்.

ஆனால் எல்லாப் படையும் தேமல் அல்ல. தொழுநோய் நம் நாட்டில் முற்றாக ஒழியவில்லை. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்படுகின்றனர். வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்வு குறைந்திருந்தாலோ, கை கால் விறைத்தாலோ தாமதிக்கக் கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் பிற அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் தோல் வைத்தியரிடம் காட்டலாம். தொழுநோய்க்கு இலவசச் சிகிச்சை உண்டு. ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ குணமாகும். மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடும். வெட்கத்தால் மறைப்பவரே ஊனத்தைத் தேடிக்கொள்கிறார்.

தேமலுக்கு மருந்து மலிவு. செலீனியம் சல்பைட் ஷம்பூவைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுவது, ஒரு வாரம் நாள்தோறும் செய்வது, வழக்கமான முறை. கர்ப்பிணிகள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். பங்கசு அழிந்த பின்பும் நிறம் திரும்பச் சில மாதங்கள் எடுக்கும். அதற்குள் “மருந்து வேலை செய்யவில்லை” என்று கைவிட வேண்டாம். உடம்பில் எண்ணெய் பூசுவதை அக்காலத்தில் நிறுத்துவது நல்லது. சில மருந்துக்கடைகளில் கேள்வியின்றிக் கொடுக்கும் ஸ்ரிரொயிட் கலந்த கிறீம்களையோ தொடவே வேண்டாம். அவை அரிப்பை அடக்கினாலும் பங்கசுவை வளர்க்கும், தோலை மெலியச் செய்யும்.

கால்நடைகளையும் நினைக்க வேண்டும். நாய்களின் காதில் கபில நிற அழுக்கும் துர்நாற்றமும் வருவதற்கு இதே குடும்பத்தின் வேறோர் இனம் காரணமாகலாம். மாடுகளின் காதிலும் இக்குடும்ப மதுவங்கள் அழற்சி உண்டாக்குவதுண்டு. அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் 1993 முதல் 1995 வரை, குறைமாதக் குழந்தைகளிடம் நாய்க்குரிய இனம் பரவியது. தாதியர் வீட்டில் வளர்த்த நாய்களிலிருந்து அது வந்திருக்கலாம் என 1998 இல் வெளியான ஆய்வு கூறியது. கைகழுவுவதை முறைப்படுத்தியதும் அது அடங்கியது. விலங்கைத் துரத்துவது வழி அல்ல. தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுவதே வழி.

லேவியர் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் தொழுநோயாளரை ஒதுக்கும் சட்டமாகவே வாசிக்கிறோம். ஆனால் அதே அதிகாரத்தின் 38, 39 ஆம் வசனங்கள், தோலில் மங்கிய வெண்புள்ளி உள்ளவரைக் குரு பார்த்து, “இவர் தூய்மையானவர்” என்று அறிவிக்கும்படி சொல்கின்றன. அந்தக் கடமை இன்று எமக்கும் உண்டு. மேலும் ஆண்டவர் இயேசு, உண்மையான தொழுநோயாளரையே கை நீட்டித் தொட்டார்.

நிவாரணப் பொதியில் ஒரு சவர்க்காரக் கட்டியை வைத்துவிட்டு நாம் திருப்தியடைவது போதாது. யன்னல் திறக்கும் அறை, உடுப்பு உலர்த்த வெயில் விழும் இடம், குளிக்கத் தண்ணீர் ஆகியவற்றைக் கேட்பது எம் மக்களின் உரிமை. பங்குகளும் மறைக்கல்வி ஆசிரியர்களும் இதைச் சபையில் வெளிப்படையாகப் பேச வேண்டும். சொந்த நிலத்தையும் வீட்டையும் பறிகொடுத்தவர்களிடம் எஞ்சியிருப்பது மானம் ஒன்றுதான். ஒரு தேமலின் பெயரால் அதனையும் யாரும் பறிக்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.